செந்தலையனின் பங்கு

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓரப்பாடு என்று ஓர் ஊர் இருந்தது. இருந்தது என்பது சொல்வழக்குக்காகத்தான், ஊர் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது, பாலம்தான் இல்லை. அந்த ஊரில் அமலோற்பவம் என்னும் பெண்ணின் தூண்டில் பொய்மீன் ஒன்று தேயாமலும் உடையாமலும் நிறம் மங்காமலும் நிலைத்துப் போயிற்று. கப்பல் உடைந்து கரையொதுங்கிய மரத்தில் செதுக்கியது அது என்று கோவில்தெருக்காரர்கள் சொல்வார்கள். பெரிய கொடுவா ஒன்றின் வயிற்றை அறுத்தபோது உள்ளே கிடந்தது என்று உப்பளத்தெருக்காரர்கள் சொல்வார்கள். இரண்டும் பொய். துறைமுகப் பட்டணத்துக் கடையில் ஒரே அட்டையில் வரிசையாகத் தொங்கிய பிளாஸ்டிக் பொய்மீன்களில் அதுவும் ஒன்று. விரல் நீளம், வெள்ளை உடம்பு, சிவப்புத் தலை, வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக முக்கவர் முட்கள். அதே அட்டையில் தொங்கிய அதன் உடன்பிறப்புகளை அமலோற்பவம் வீசிய வாரத்திலேயே கொடுவா மீன்கள் நொறுக்கித் துப்பிவிட்டன. செந்தலையன் என்று ஊர் அழைத்த இது மட்டும் நொறுங்கவில்லை. ஏன் நொறுங்கவில்லை என்பதற்கு எந்தத் தெருவிலும் காரணம் கிடையாது. காரணத்தை யாரும் பெரிதாகத் தேடவும் இல்லை.

அமலோற்பவம் கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். தகப்பன் இறந்ததும் அவருடைய வத்தை என்னும் சின்னப் படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனாள். பெண் கடலுக்குப் போகக்கூடாது என்று ஊர்க்கமிட்டியில் சட்டம் இருந்தது. முகத்துவாரம் கடலா ஆறா என்று கமிட்டி தீர்மானித்து முடிக்கவில்லை. அந்த இடைவெளியிலேயே அவள் இருபது வருடம் கொடுவா பிடித்தாள். வத்தையில் நின்றபடி பொய்மீனைத் தூர வீசி, அடிபட்ட மீன் துடிப்பதைப்போல வெட்டி வெட்டி இழுப்பாள். ஆற்றின் அடியில் வானம் பார்த்துப் படுத்திருக்கும் கொடுவா, அந்தத் துடிப்பைக் கண்டால் பொறுக்காது. கல் உடைப்பதைப்போல ஓர் அடி அடிக்கும். அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு செந்தலையன் தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது, அன்று காலையில்தான் அட்டையிலிருந்து அவிழ்த்ததைப்போல இருக்கும். சீலா மீன் கடித்தும் கோடு விழவில்லை. ஒரு முறை விசைப்படகின் காற்றாடியில் சிக்கிக்கொண்டபோது காற்றாடியின் இதழ்தான் உடைந்தது, படகுக்காரர் இதழின் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இத எங்கடி வாங்குன? இதே கடையில எனக்கொரு காத்தாடி கெடைக்குமா?" என்று கேட்டாரே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை.

ஊர் இதை இப்படித்தான் எடுத்துக்கொண்டது. கோவில் கதவு காற்றில் அடித்துக்கொண்டால் இடுக்கில் சொருக அதைக் கேட்டு ஆள் வரும். நுங்கு சீவும் அரிவாளைத் தீட்டக் கேட்டு வருவார்கள். பங்குச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், விசுவாசம் செந்தலையனைப்போல இருக்க வேண்டும், உலகம் என்னும் கொடுவா கடித்தாலும் கீறல் விழக்கூடாது என்று சொல்ல, அமலோற்பவம் பின்வரிசையிலிருந்து, "சாமி, அது கொடுவாய ஏமாத்துற மீனு. விசுவாசத்துக்கு வேற பாருங்க" என்றாள். கோவிலே சிரித்தது.

செந்தலையனோடு ஒட்டியிருந்தவையும் அழிவதில்லை என்பதை முதலில் கண்டவள் மரிய சவேரி. அமலோற்பவத்தின் மீனை ஏலத்தில் எடுத்துக் கடகத்தில் சுமந்து அக்கரை ஊர்களுக்கு விற்கப் போகிறவள். அமலோற்பவத்துக்கு வாய்த்தகராறுக்கும் கஞ்சிக்கும் ஒரே துணை. இடதுகைக்காரி. மட்டிச் சிப்பியைக்கூட இடதுகையால்தான் திறப்பாள். எல்லாப் பெண்களும் கத்தியை நுழைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அவள் நுழைத்து நெம்புவதால், சிப்பியின் விளிம்பில் பிறைபோல ஒரு துண்டு தெறித்துப் போகும்.

"ஒரு சிப்பியாச்சும் முழுசாத் தொறக்கியா நீ? எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்பாள் அமலோற்பவம்.

"எக்கா, நான் திங்கது உள்ள இருக்கிறத. ஓட்ட நீ தின்னு" என்று சொல்லி, ஓடுகளை வீட்டுக்குப் பின்னால் கடற்கரை மணலில் வீசுவாள் சவேரி. வருடக்கணக்காக வீசினாள். அவள் வீட்டுப் பின்புறம் மணலைவிடச் சிப்பி அதிகம்.

ஒரு மழைக்காலம் முழுவதும் அமலோற்பவத்தின் கூரை ஒழுகியபோது செந்தலையன் சவேரியின் பனையோலைக் கடகத்தில் கிடந்தது. மழைக்குப் பிறகு அந்தக் கடகம் இற்றுப்போகவே இல்லை. மீன்நீர் ஊறி மற்றப் பெண்களின் கடகங்கள் ஓட்டையாகிக்கொண்டிருக்க, சவேரியின் கடகம் முடைந்த அன்றைய மஞ்சள் நிறத்தில் அவள் தலைமேல் போய்க்கொண்டிருந்தது.

இனிச் சொல்லவேண்டியது பாலத்தைப் பற்றி.

ஆற்றைக் கடக்க ஓரப்பாட்டுக்குப் பாலம் வந்தது. கட்டியவர் உள்ளூரிலேயே பிறந்து பட்டணத்தில் வீடு கட்டிக்கொண்ட கண்ட்ராக்டர் சிரில் மச்சாது. கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடப்பவர். முதல் பாலம் முதல் மழைக்கு விழுந்தது. காற்று என்றார்கள். இரண்டாம் பாலம் இரண்டாம் மழைக்கு விழுந்தது. வெள்ளம் என்றார்கள். மூன்றாம் பாலம் காற்றும் இல்லாமல் வெள்ளமும் இல்லாமல், பட்டப்பகலில், தலையில் கடகத்தோடு மரிய சவேரி நடந்து போய்க்கொண்டிருக்கும்போது விழுந்தது.

அமலோற்பவம் அப்போது வத்தையில் இருந்தாள். கொடுவா அடித்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தபோது ஆற்றின் நடுவே பாலத்துக்குப் பதிலாக வானம் இருந்தது. கடகம் மட்டும் மிதந்து வந்தது. ஓர் ஓலை பிரியவில்லை. உள்ளே அவள் காலையில் பிடித்துக் கொடுத்த கொடுவா வாயைத் திறந்தபடி கிடந்தது. சவேரியின் உடல் அடுத்த நீரேற்றத்துக்குத்தான் கரைக்கு வந்தது.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து மண் காலில் உலரும் முன்னே, ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. ஏலம் கூறுபவரும் ஊர்த்தலைவரும் ஒருவரே. பிலவேந்திரம் என்பது பெயர். எதையும் கூவியே பேசிப் பழகியவர்.

அங்கேதான் சிரில் மச்சாது எழுந்தார். அழுது சிவந்த கண்கள். அந்தக் கண்ணீர் மெய்யென்று சொல்வாரும் உண்டு. கையில் சவேரியின் கடகம்.

ஓரப்பாட்டில் எதையும் பங்காகத்தான் கணக்கிடுவார்கள் என்பதை இவ்விடத்தில் அறிந்திருக்க வேண்டும். கரைக்கு வந்த மீன்பாட்டில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு, கோவிலுக்கு ஒரு பங்கு, கடலில் ஆளைத் தொலைத்த வீட்டுக்கு ஒரு பங்கு. ஒருவன் கூடை கனத்தால் இன்னொருவன் கூடை குறைந்திருக்கிறது என்றுதான் பொருள். மீன் வேறெங்கிருந்து வரும்? மழை, நோய், புகழ், துக்கம் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்தத் தராசுதான். சிரிலும் அந்தத் தராசில் வளர்ந்தவர்தானே.

"நான் நியாயம் கேக்க வந்திருக்கேன்" என்றார் சிரில். "ஆண்டவர் இந்த ஊருக்குன்னு ஒரு பாடு உறுதி குடுத்திருக்காரு. வீட்டுக்கு ஒரு பங்கு. வள்ளத்துக்கு ஒரு பங்கு. பாலத்துக்கு ஒரு பங்கு. இந்தா, ஒரு வெரல் நீளப் பிளாஸ்டிக்கு. இத்தன வருசமா தேயல, ஒடையல. அதுகூடக் கெடந்த ஓலைக்கடகம், இந்தா பாருங்க, ஒரு ஈர்க்கு பிரியல. பாலம் தூள்தூளாப் போச்சு, கடகம் மெதக்குது. இந்த உறுதி எங்கேர்ந்து வந்துச்சு? யாரு பங்கு இது?"

கூடம் ஒரு கணம் யோசித்தது. யோசித்தது என்பதைவிட, நெடுநாளாகத் தேடிய செருப்பில் கால் நுழைந்ததைப்போல நிம்மதியாக அதற்குள் நுழைந்தது.

"அதான! போன வருசம் மாத்துன வள்ளப்பலகை இந்த வருசமே இத்துப்போச்சு!"

"எம்மகளுக்குச் சீர் குடுத்த கட்டிலு மூணு மாசம் நிக்கல."

"எங்க மாமியாருக்கு வச்ச பல்லு, வச்ச மறுநாளே கழண்டுருச்சு!"

"அது உன் மாமியா பேசுன பேச்சுக்கு" என்று யாரோ சொல்ல, துக்கவீட்டுக் கூட்டம் என்பதையும் மறந்து சிலர் சிரித்தார்கள்.

அமலோற்பவம் எழுந்தாள். மடியில் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்ததைத் தரையில் போட்டாள். பாலத்தின் ஒரு துண்டு. உருண்டு போய் சிரிலின் காலடியில் நின்றது.

"வே சிரிலு, அத எடுத்துப் பாரும். கம்பி முறுக்கு மாதிரி நொறுங்குது. உள்ள சிப்பி தெரியுது, நண்டுக் காலு தெரியுது. ஆத்துமண்ணுல எங்கயாவது நண்டுக் காலு கெடக்குமா? கடக்கரை உப்பு மண்ண அள்ளிப் போட்டுப் பாலம் கட்டுனா அது நிக்குமா? ராத்திரி களவாவா அள்ளுனீரு? ஊரே பாக்க, பட்டப்பகல்ல, டிராக்டர் டிராக்டரா அள்ளுனீரு! என் சவேரியக் கொன்னது உம்ம பாலம். அதுக்கு ஒரு பொம்ம மீன் மேல பழி போடுறீரே, நீரெல்லாம் சப்பரத்துக்கு முன்னால நடக்கீரு!"

அவள் எதிர்பார்த்தது ஓர் ஆரவாரத்தை. ஆனால் கூடத்தில் இருந்த ஆண்கள் அனைவரும் தத்தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீன்பாடு இல்லாத மாதங்களில் அந்த மண்ணை மண்வெட்டியால் அள்ளிக் கொடுத்தவை அந்தக் கைகள்தான். அள்ளும்போதே அது உப்பு மண் என்று தெரியும். தெரிந்தே அள்ளினோம் என்பதும் தெரியும். சவேரி இறந்தபின் அந்தத் தெரிதலை எங்கே வைப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது சிரில் ஓர் இடம் காட்டிவிட்டார்.

முன்வரிசையில் சவேரியின் கணவன் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான். மண் அள்ளியவர்களில் அவன் முதல் ஆள், வலுத்த தோள். அவன் தலை நிமிராமலே சொன்னான்:

"போதும் மைனி. செந்தலையனக் குடுத்துருங்க. கடகம் மெதந்துச்சே. அவ மெதக்கலியே."

அப்போதுதான் அமலோற்பவத்துக்கு விளங்கியது. இவனுக்கு இந்தப் பொய் சோற்றைப்போல வேண்டியிருக்கிறது. இது இல்லாவிட்டால் இவன் தன் கையாலேயே பெண்டாட்டியைக் கொன்றவன். அவளுக்கு வந்த கோபம் இரண்டு மடங்காகியது: பொய் சொன்னவன்மேல் ஒரு மடங்கு, அந்தப் பொய் இத்தனை பேருக்குப் பயன்படுகிறதே என்று இன்னொரு மடங்கு.

கமிட்டி தீர்மானித்தது: நான்காம் பாலத்தின் நடுத்தூணில் செந்தலையனை வைத்துக் கட்ட வேண்டும், அது தின்ற உறுதியெல்லாம் பாலத்துக்குத் திரும்ப வேண்டும். கொடுக்கும்வரை அமலோற்பவத்தின் மீனுக்கு ஏலம் இல்லை.

ஓரப்பாட்டில் ஏலம் மறுப்பது என்றால் வாயால் மறுப்பதல்ல. அவள் மீனை வரிசையில் வைப்பாள். பிலவேந்திரம் கூவிக்கொண்டே வருவார்: சீலா, செப்பிலி, மடவை. அவளுடைய கொடுவா இருக்கும் இடம் வந்ததும் கூவலை நிறுத்தாமல், மழைநீரைத் தாண்டுவதைப்போல அதைத் தாண்டி அடுத்த மீனுக்குப் போய்விடுவார். ஒருமுறை ஆற்றில் செத்த மீன் அங்கே மறுபடி சாகும். பூனைகள் கொழுத்தன. அமலோற்பவம் தினமும் பிடித்தாள், தினமும் வைத்தாள். கொடுவாக் குழம்பும் கொடுவாப் பொரியலுமாகத் தின்று தின்று அவளுக்கு அந்த வாடையே ஆகாமல் போயிற்று; ஆனாலும் விடவில்லை.

"வீம்பு பிடிக்காதம்மா. உன்னால முடியாது" என்றார் பிலவேந்திரம் ஒருநாள், வழக்கத்துக்கு மாறாகக் கூவாமல்.

"தாண்டும்போது வேட்டியத் தூக்கிக்கிட்டுத் தாண்டும் தலைவரே. ரத்தம் பட்டுரும்" என்றாள் அவள்.

அவள் மனம் மாறியது வேறோர் இடத்தில். ஒரு பகலில் சவேரியின் வீட்டுப் பக்கம் போனவள், பின்புறம் டிராக்டர் நிற்பதைக் கண்டாள். நான்காம் பாலத்துக்கு மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதே கடற்கரை. அதே உப்பு மண். அள்ளிக்கொண்டிருந்தது இஞ்ஞாசி. குற்றம் செந்தலையனுடையது என்று தீர்ப்பாகிவிட்ட பிறகு மண்ணில் என்ன குற்றம்? சவேரி வருடக்கணக்காக வீசிய மட்டிச் சிப்பிகள் அவன் மண்வெட்டியில் கலகலவென்று சிரித்தபடி டிராக்டரில் விழுந்தன. அவன் ஒன்றையும் பார்க்கவில்லை.

அமலோற்பவம் நேரே பிலவேந்திரத்திடம் போனாள்.

"தாரேன். ஆனா என் கையால நானேதான் போடுவேன். என் பங்கு, என் கை."

அதில் நியாயம் இருந்ததால் ஒத்துக்கொண்டார்கள்.

நடுத்தூணுக்குக் கலவை போடும் நாள் வந்தது. பங்குச்சாமி மந்திரிக்க வருகிறார், பட்டணத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்பதால், சிரில் அன்று மட்டும் ஒரு லாரி ஆற்றுமண் வரவழைத்திருந்தார். பழுப்பு நிறத்தில், சல்லடை போட்டதைப்போல, பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக. ஆற்றின் குறுக்கே பலகைப் பாதை போட்டு ஊரே நின்றது. அமலோற்பவத்தை மட்டும் காணவில்லை.

அவள் ஆற்றில் இருந்தாள். விழுந்த மூன்றாம் பாலத்தின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் வத்தையை நிறுத்தி, செந்தலையனை வீசிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரு வீச்சு!" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். "பாத்துப் பழகுன மொகம், சொல்லிட்டு வரவேண்டாமா?"

இரண்டாம் வீச்சிலோ மூன்றாம் வீச்சிலோ கம்பு வளைந்தது. தூண்டில் நரம்பு விறைத்துப் பாடியது. அவள் காலை ஊன்றிக்கொண்டு சாய்ந்தாள்.

ஓரப்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு, சட்டத்தைவிடப் பழையது. முள்ளில் மீன் இருக்கும் ஆளைக் கூப்பிடக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது, கை தட்டக் கூடாது, வீட்டில் தீப்பிடித்தாலும் மீன் வத்தைக்குள் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். கூப்பிட்டு மீன் அறுத்துக்கொண்டு போனால், அந்தப் பழி கூப்பிட்டவன் வீட்டு அடுப்பில் ஏறும். ஆகவே பங்குச்சாமியும் அதிகாரியும் சிரிலும் கமிட்டியும் ஆற்றைப் பார்த்தபடி வாய்மூடி நின்றார்கள்.

மீன் லேசில் வரவில்லை. அவள் நரம்பை விடுவாள், சுற்றுவாள், முழங்காலிட்டுக் கம்பைத் தண்ணீருக்குள் தாழ்த்துவாள், எழுந்து வளைவாள். அந்தக் கொடுவா ஆளுயரம் இருந்தது என்று கோவில்தெருக்காரர்கள் இன்றைக்கும் கை விரித்துக் காட்டுவார்கள். மீனே இல்லை என்பார்கள் உப்பளத்தெருக்காரர்கள்: ஆற்றடியில் கிடந்த பாலத்தின் கம்பியில் முள் மாட்டிக்கொண்டது, செந்தலையனோடு கட்டிய அறாத நரம்பு என்பதால் அவள் விழுந்த பாலத்தையே மீனாக்கி வெயில் ஏறும்வரை விளையாடினாள் என்பது அவர்கள் வழக்கு. இந்த ஒன்றில் உப்பளத்தெருவின் சொல்லே பொருந்துகிறது.

கலவை காத்திருக்காது. இறுகிப் போகும் என்று மேஸ்திரி முணுமுணுக்க, ஆற்றுமண் கலவையைத் தூணின் அடிப்பாகத்தில் கொட்டினார்கள். லாரி மண் தீர்ந்தது. பங்குச்சாமி தூண் எழுந்திருந்த அளவுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதிகாரி சிரிலின் காரில் ஏறிப் போனார். பிறகு வழக்கம்போல டிராக்டர் வந்தது, வழக்கம்போல வெள்ளை மண் வந்தது, தூணின் மேல்பாகம் வளர்ந்தது. அப்போதுதான் அமலோற்பவம் கம்பைத் தளர்த்தி, எதையோ விடுவித்து, வத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னாச்சு மீனு?" என்று கேட்டார் பிலவேந்திரம்.

"போயிருச்சு. நீங்க பாத்ததே கண்ணேறு."

பலகைமேல் ஏறி நின்றாள். கலவைச் சட்டியோடு எதிரே இஞ்ஞாசி நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"இது எந்த மண்ணு இஞ்ஞாசி?"

அவன் சட்டியைக் கவிழ்த்தான். "மண்ணுதான் மைனி" என்றான்.

அவள் செந்தலையனை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை பார்த்தாள். சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு, அட்டையில் தொங்கியபோது இருந்த அதே அசட்டுக் கண். ஈரக் கலவைக்குள் முழங்கைவரை கையை விட்டு அதை அழுத்தினாள். கையை எடுத்து ஆற்றில் கழுவினாள். மறுநாளிலிருந்து அவள் மீனுக்கு ஏலம் கூவினார்கள்.

நான்காம் பாலம் திறப்புவிழாவுக்கு முன்பே, முதல் மழையின் முதல் வாரத்தில், யாரும் மேலே நடக்காத ஒரு காலையில் விழுந்தது. இரு கரையிலிருந்தும் வரிசையாகச் சரிந்துகொண்டே வந்து நடுத்தூணில் நின்றது. நடுத்தூண் விழவில்லை. எதையும் தாங்காமல், எதனோடும் சேராமல், ஆற்றின் நடுவே அது ஒன்றாக நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் சிரில். "மொத்த உறுதியையும் அந்த ஒரு தூணுக்கே இழுத்துக்கிட்டான்! இவ்வளவு பேராசைய நான் கண்டதில்ல." ஊர் ஆமென்றது. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் எளிதாகவே ஆமென்றது.

ஆனால் தூண் நின்றது வெறுமனே நிற்கவில்லை. போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. பலகையைப் பிரித்ததும் சிமெண்டுப் பால் மழையில் கழுவிப் போக, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. சிப்பி, சங்கு, நண்டுக் கால், கடல்பாசியின் ஒரு கொத்து. பாசி வாடவில்லை, நண்டுக் கால் நிறம் மாறவில்லை, சிப்பிகள் அன்றுதான் அலை ஒதுக்கியவைபோல ஈரத்தில் மின்னின. எட்ட இருந்து பார்த்தாலே கடற்கரையைச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததைப்போல இருந்தது. சிரில் அதன்மேல் சுண்ணாம்பு பூசச் சொன்னார், வழிந்தது. சிமெண்டு பூசச் சொன்னார், உதிர்ந்தது. கடைசியில் இடிக்க இயந்திரம் கொண்டுவந்தார். இயந்திரத்தின் இரும்புப் பல் மூன்று உடைந்து ஆற்றில் விழுந்தன. அதன்பிறகு அவர் ஓரப்பாட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். திருவிழாவுக்கு வந்தாலும் கடற்கரை வழியாகச் சுற்றி வருவார்.

பாலம் இல்லாததால் மறுபடியும் தோணித்துறை வந்தது. தோணி தள்ளும் வேலை இஞ்ஞாசிக்குக் கிடைத்தது. மண் அள்ள இனி வேலை இல்லை. இடிபாடுகள் ஆற்றை அடைத்துவிட்டதால், நீர்ப்போக்கு ஒரே வழிதான். தூணைக் கை எட்டும் தூரத்தில் உரசிக்கொண்டுதான் தோணி போக வேண்டும். கோவிலுக்கு வருகிறவர், சந்தைக்குப் போகிறவர், பிள்ளை பெறப் போகிறவள், எல்லாரும் அதைக் கடந்துதான் போனார்கள். கடக்கும்போது எல்லாரும் அக்கரைப் பனைமரங்களைப் பார்த்தார்கள். அப்படி ஒரு காட்சி அந்தப் பனைமரங்களில் என்ன இருந்தது என்று வெளியூர்க்காரர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

கொடுவா மீன்களோ தூணைச் சுற்றிக் கூடின. செந்தலையன் உள்ளே துடிக்கிறான் போலும். பெரிய மீன்கள் வந்து தூணை அடித்துவிட்டுப் போயின. அமலோற்பவம் தன் வத்தையை அங்கேயே கட்டினாள். பட்டணத்துக் கடையில் புதிய அட்டை வாங்கி வந்தாள். முதல் அடியிலேயே ஒன்று நொறுங்கும். கடைக்காரனையும் அவன் பரம்பரையையும் திட்டிக்கொண்டே அடுத்ததைக் கட்டுவாள். தோணி வரும்போதெல்லாம் குரல் கொடுப்பாள்:

"ஏ மக்கா, இந்தப் பக்கம் திரும்புங்க. பனமரம் எங்கயும் போகாது!"

யாரும் திரும்பவில்லை. "கெழவிக்கு வேற வேல இல்ல" என்பார்கள் தோணிக்குள். இஞ்ஞாசியோ கழியை ஊன்றுவான். அவன் பார்ப்பது கழியின் நுனியை.

அப்படியே ஒரு வருடம் போயிற்று. ஒருநாள் திருவிழாக் கொடியேற்றத்துக்கு அக்கரை ஆட்களோடு சந்தையிலிருந்து திரும்பும் ஊர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டு தோணி வந்தது. கனத்த தோணி; ஆற்றின் இழுப்பும் கனம். தூணை நெருங்கியபோது கழி வழுக்கிற்று. தோணி மோதாமல் இருக்க, இஞ்ஞாசி கையை நீட்டித் தூணைப் பிடித்தான்.

பிடித்த கை அங்கேயே நின்றது.

அவன் விரலுக்கடியில் ஒரு மட்டிச் சிப்பி இருந்தது. விளிம்பில் பிறைபோல ஒரு தெறிப்பு; எதிர்ப்பக்கத்தில். அவன் விரலை நகர்த்தினான். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதிலும் அதே பக்கத்தில். மேலே ஒன்று. கீழே நீர்மட்டத்தில் நாலைந்து. தூண் முழுக்க, இடதுகைக்காரி ஒருத்தி எத்தனையோ மாலைகளில் கத்தி நுழைத்து நெம்பிச் சாப்பிட்டு வீசிய ஓடுகள், ஒன்றுகூட மங்காமல், கழுவி அடுக்கியதைப்போல இருந்தன.

தோணி இழுப்பில் தள்ளாடியது. "ஏ இஞ்ஞாசி, என்ன செய்த? தள்ளுப்பா!" என்று கூவினார் தோணிக்குள் இருந்த பிலவேந்திரம்.

இஞ்ஞாசி தள்ளவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தடவுவதைப்போல ஒவ்வொரு சிப்பியின் விளிம்பையும் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சத்தமாக, ஏலம் கூவுகிறவனைப்போலத் தோணி முழுதும் கேட்கச் சொன்னான்:

"இது எங்க வீட்டுப் பின்னால அள்ளுன மண்ணு. இது சவேரி வீசுன ஓடு. நாந்தான் அள்ளுனேன். அவ செத்த பாலத்துக்கும் நாந்தான் அள்ளுனேன். உப்பு மண்ணுன்னு தெரிஞ்சுதான் அள்ளுனேன்."

 தோணியில் ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் பனைமரத்தை விட்டுத் திரும்பின. திரும்பியவர்கள் தூணைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பிலவேந்திரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். 

வத்தையில் நின்ற அமலோற்பவம் கம்பைக் கீழே வைத்தாள். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் தன் செந்தலையனைக் கொடுத்திருந்தாள். வந்தால் கைகொட்டிச் சிரிப்பேன் என்று நினைத்திருந்தாள்; சிரிப்பு வரவில்லை. வத்தையைத் தள்ளிக்கொண்டு போய், தூணைப் பிடித்திருந்த அவன் கையை மெல்ல விடுவித்துக் கழியில் வைத்தாள்.

"தள்ளுய்யா" என்றாள். "ஆளுக கொடியேத்தத்துக்குப் போகணும்."

அன்று மாலை தூணில் முதல் கீறல் விழுந்தது என்று கோவில்தெருக்காரர்கள் சொல்வார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அது எதற்கு நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு ஆறுதலான முடிவு. பிலவேந்திரமே அமலோற்பவத்திடம் வந்து, மெதுவான குரலில், "கீறல் விட்டுருச்சாமே அமலி? அப்ப இனிமே அது தானா விழுந்துரும்லா?" என்று கேட்டாராம்.

அவள் புது அட்டையிலிருந்து ஒரு பொய்மீனை அவிழ்த்து நரம்பில் முடிந்துகொண்டிருந்தாள். பல்லால் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"கீறலா? எங்க? நானும் தெனம் பாக்கேன், ஒரு கீறலும் இல்ல. அது நிக்கும் தலைவரே. இப்பத்தான ஒரு பங்கு வந்துருக்கு. சிரிலு இன்னும் தோணி ஏறலயே."